என் மனைவியின் இரைப்பை

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், லேபில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன். ரத்தம் எடுப்பவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ரத்தம் எடுப்பதில்லை. டாக்டர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுக்கும் சதைத் துணுக்குகள் ஃபார்மலின் ஊற்றிய சின்னக் குப்பிகளில் எங்களிடம் வரும். அவற்றை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, கத்தி பொருத்திய ஓர் இயந்திரத்தில் வைத்து, கைச் சக்கரத்தைச் சுற்றி, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுவேன். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக வரும். அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடிச் சில்லில் ஏந்தி, சாயம் ஏற்றி, நோய்க்கூறு பார்க்கும் டாக்டரின் மேஜையில் வைப்பேன். இன்ன நோய் என்று சொல்வது டாக்டரின் வேலை. சொல்ல முடிகிற அளவுக்கு ஸ்லைடு தெளிவாக இருக்க வேண்டும், அது என் வேலை. இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

லேப் பொன்னேரியில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. வீடு கும்மிடிப்பூண்டியில். மின்சார ரயிலில் போய் வருகிறேன். எண்டோஸ்கோப்பி செய்யும் சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் பலவும் எங்களுக்குத்தான் அனுப்பும் என்பதால், அதிகம் வருவது இரைப்பைத் துணுக்குகள். உளுந்தில் பாதிகூட இருக்காது ஒவ்வொன்றும். சிப்காட்டில் உலைக்கு முன்னால் நிற்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள், பாட்டில் கம்பெனியில் மூடி திருகும் பெண்கள், பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து ஷெட்டுகளில் தங்கியிருப்பவர்கள் என்று எல்லோருடைய வயிறும் என் கத்திக்குக் கீழே வந்திருக்கிறது.

அந்தத் துணுக்குகளில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீலச் சாயம் உண்டு. ஏற்றிப் பார்த்தால், இரைப்பையின் உள்சுவரில் இருக்கும் குழிகளின் வாயில், கோழைப் படலத்துக்குள், அறுந்து விழுந்த புருவமுடிகள் மாதிரி வளைந்து வளைந்து தெரியும். ஹெலிகோபாக்டர் என்று பெயர். அல்சர் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதன் கைவரிசைதான், பட்டினி கிடப்பதாலோ காரம் தின்பதாலோ வருவதில்லை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சாயம் ஏற்றிய கையோடு நானே எட்டிப் பார்ப்பேன். டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்ததை வெளியில் சொல்லிக்கொண்டும் இருந்தேன். காலை ரயிலில் ஒருவர் வருவார். இரும்புக் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடித்து மீஞ்சூருக்குத் திரும்புகிறவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் சுருண்டிருப்பார். நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, அதுதான் அல்சர் என்றார். அப்படியெல்லாம் இல்லை, அது ஒரு கிருமி, டெஸ்ட் எடுங்கள், பதினான்கு நாள் மாத்திரையில் போய்விடும் என்று அவரைத் துளைத்தெடுத்தேன். அவர் போனார். கிருமி இருந்தது. மாத்திரை சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்து கொடுத்தார். அந்த நண்டைக் குழம்பு வைத்தவள் என் மனைவி. அன்று இரவு அவள் சோற்றை மட்டும் மோரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். வயிறு எரிகிறது என்றாள். மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

இதை எழுதும்போதுகூட அந்த இடத்தில் கை நிற்கிறது. ரயிலில் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொன்னதை என் வீட்டுக்குள் இருந்தவளுக்கு ஏன் சொல்லவில்லை? லேபில் தெரிந்தது ஒன்று, வீட்டில் நம்பியது வேறொன்று. என் அம்மா அப்படித்தான் சொல்வாள், என் அக்காக்களும் அப்படித்தான் சொல்வார்கள்: பொம்பளைக்கு வயிற்றுவலி வந்தால் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நானும் யோசிக்காமல் அதையே சொன்னேன்.

அவள் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். முதல் ஷிஃப்ட் என்றால் விடியற்காலை ஐந்தரைக்குப் பைபாஸில் கம்பெனி பஸ் வந்துவிடும். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போக வேண்டியதை எடுத்து வைத்து, மூன்று டப்பா கட்டி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு ஓடுவாள். எரிச்சல் ஆரம்பித்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெஞ்செலும்புக்குக் கீழே இடது கை முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். முதலில் இஞ்சிச் சாறு, பிறகு சோடா, பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ரோஸ் நிற மருந்து. மருந்துப் பாட்டில் அவள் கைப்பையிலேயே இருக்கும். ஒவ்வொரு முறை அதைத் திறக்கும்போதும் நான் கேட்பேன், காலையில் சாப்பிட்டாயா, மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், ஏன் பாதி சோறு திரும்பி வந்திருக்கிறது. அக்கறையாகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் தங்கையைக் கடம்பத்தூரில் கொடுத்திருக்கிறோம். அவர்கள் புது வீடு கட்டிக் குடிபுகுந்த அன்று பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பாதிச் சாப்பாட்டில் அவள் இலையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். என்ன ஆயிற்று என்று எதிர்வரிசையில் யாரோ கேட்டார்கள். நான் சத்தமாகவே சொன்னேன், "ஒண்ணுமில்ல, காலையில துன்னாம கொள்ளாம கெடக்கறது, அப்பறம் அல்சருன்னு எங்க உசுர வாங்கறது." எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதற்குள் வாசற்படி வரை திரும்பி வந்துவிட்டிருந்தாள். முகத்தைப் பார்த்தேன். அவள் வந்து உட்கார்ந்து, இலையில் மிச்சமிருந்ததையெல்லாம் தின்று முடித்தாள். கடைசிப் பருக்கை வரை.

அதற்குப் பிறகு அவள் வயிற்றைப் பற்றிப் பேசுவது குறைந்தது. கொஞ்ச நாளில் சுத்தமாக நின்றுபோனது. ரோஸ் மருந்தும் கண்ணில் படவில்லை. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நான் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், அதனால் குணமாகிவிட்டது என்று ஒருமுறை என் அக்காவிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போனது. மகள் திருவள்ளூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று நான் சீவிய கட்டிகளில் ஒன்று கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த இரைப்பைத் துணுக்கு. கட்டிமேல் எண் மட்டும்தான் இருக்கும். பெயர் எழுதிய படிவத்தை முன்னால் உட்காரும் பெண் பதிந்து கோப்பில் வைத்துவிடுவாள். நான் பார்ப்பதில்லை. ஸ்லைடுகளை டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வழக்கமாகச் செய்வதுபோல அன்று எட்டிப் பார்க்கவில்லை. வேலை அதிகம்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான். படித்து முடித்து நேராக எங்கள் லேபுக்கு வந்தவர். என்னை அண்ணா என்பார். நான் அவரை மேடம் என்பேன். டீ குடித்துவிட்டு வந்ததும் கூப்பிட்டார்.

"அண்ணா, இதப் பாருங்க. இவ்ளோ அழகா சிலது தான் வரும்."

மருத்துவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல் தெளிவாக ஒரு நோய் தெரிந்தால் அழகு என்பார்கள். நான் குனிந்து பார்த்தேன். ஊதா நிறப் புள்ளிகள் அடை அடையாக. இரைப்பைச் சுவரின் குழிகளுக்கிடையில் புகுந்து, சில குழிகளைத் தின்றே விட்டிருந்தன. நீலச் சாயம் ஏற்றிய இன்னொரு ஸ்லைடில் கிருமி ஏராளமாக இருந்தது.

அவர் எனக்கு விளக்கினார். எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொல்பவர் அல்ல, சொல்லிப் பார்த்தால் தனக்கே தெளிவாகும் என்று சொல்பவர். இந்த ஊதாப் புள்ளிகள் எல்லாம் நோயை எதிர்க்கும் செல்கள். குடலில் இவை நிறைய இருக்கும். இரைப்பையில் சாதாரணமாக இத்தனை கூட்டம் இருக்கக் கூடாது. அமிலமே காவல், வேறு காவல் அவ்வளவாகத் தேவையில்லை. இந்தக் கிருமி வந்தால் கதை மாறிவிடும். தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கிக்கொண்டு அமிலத்திலிருந்து தப்பிக்கும். திருகித் திருகிக் கோழைக்குள் புகுந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நம் செல்களின் மேலிருக்கும் சர்க்கரையைப் போலவே ஒன்றைத் தன் மேலும் பூசிக்கொள்ளும். எதிரியை வாலைத் தொட்டு அடையாளம் காண உடம்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, இதன் வாலை அந்த ஏற்பாடு கண்டுகொள்வதில்லை. ஆனாலும் சுவரின் செல்கள் ஏதோ தவறு நடக்கிறது என்று உணர்ந்து ஆள் கூப்பிடும். வெள்ளணுக்கள் கூட்டமாக வரும். வந்தும் பயனில்லை. கிருமி கோழைக்குள் மேலே இருக்கிறது, இவை கீழே சுவருக்குள் இருக்கின்றன. கிருமியைக் கொல்ல இவை கக்குவதெல்லாம் சொந்தச் சுவரையே புண்ணாக்குகிறது. கிருமியும் சும்மா இருப்பதில்லை, அடங்கு அடங்கு என்று இவற்றில் சிலவற்றை மந்தமாக்கிவிடும். இப்படியே வருடக்கணக்காக இழுபறி. சிலருக்கு, வந்த செல்கள் திரும்பிப் போகாமல் அங்கேயே குடியேறிவிடும். அவற்றில் ஒரே ஒரு வகை மட்டும் பெருகிக்கொண்டே போகும்.

"அப்படிப் பெருகினா அது தான் லிம்ஃபோமா. கேன்சர்தான், மெதுவா வளர்ற ஜாதி," என்றார். உறுதி செய்ய இன்னும் சில ஸ்லைடுகள் வேண்டும், கட்டியைச் சென்னைக்கும் அனுப்ப வேண்டும். நோயாளிக்கு எத்தனை நாளாகத் தொந்தரவு என்று படிவத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள் என்று என்னை அனுப்பினார்.

கோப்பில் எண்ணைத் தேடி எடுத்தேன். என் மனைவியின் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். வயது சரியாக இருந்தது. தெருப் பெயர் எங்கள் தெரு. தொந்தரவு எவ்வளவு நாளாக என்ற இடத்தில் 'பல வருடங்களாக' என்று டாக்டரின் கையெழுத்தில் இருந்தது. தொடர்புக்கான ஃபோன் நம்பர் என்னுடையதல்ல. கடம்பத்தூர்த் தங்கையுடையது.

படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, இது என் வீட்டுக்காரி என்றேன். அவர் சட்டென்று எழுந்து தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். 'அழகா' என்று சொன்னதற்காக அவர் முகம் சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டார். மீதி ஸ்லைடுகளை வேறு ஆளை வைத்துச் சீவிக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் பிடிவாதமாக நானே செய்கிறேன் என்றேன். முதல் நாடா சுருண்டு கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. கட்டியில் இருப்பதே கொஞ்சம், வீணாக்கினால் திரும்ப அவள் வாய்வழியே குழாயை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று புரிந்ததும் இயந்திரத்தை விட்டு எழுந்து பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டேன். இருபது வருடத்தில் அப்படி எழுந்தது அந்த ஒருமுறைதான்.

சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டேன். அவளுக்கு முதல் ஷிஃப்ட். நாலு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அந்த நேரத்தில் என்னை வீட்டில் பார்த்ததும் மகளுக்கு ஏதாவதா என்று பதறினாள். இல்லை என்றேன். எண்டோஸ்கோப்பி எடுத்தாயா என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்தது. அந்தத் துணுக்கு என் லேபுக்கு வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம். லைனில் பக்கத்தில் நிற்கும் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டு, போன வியாழக்கிழமை போய் வந்திருக்கிறாள். அன்று தொண்டை கட்டியிருக்கிறதே என்று கேட்டதற்குச் சளி என்று என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அவள் காதில் அது பழைய குரலாகத்தான் விழுந்திருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"உங்கிட்ட சொன்னா இன்னா கேப்ப? சாப்ட்டியான்னு கேப்ப."

பையிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள்.

"எந்தங்கச்சி ஊட்டுல அப்படிச் சொன்ன பாரு, அன்னிலர்ந்து ஒரு வருஷம் ஒரு வேள உடாம துன்னேன். நாலு மணிக்கே எந்திரிச்சி இட்லி துன்னுட்டு பஸ் ஏறுனேன். கம்பெனில பத்து மணிக்கு வாழப்பழம். அப்பவும் வலிச்சிது. சாப்ட்டும் வலிக்கிதுன்னா நீ நம்புவியா? நான் தான் இன்னாவோ தப்பா துன்றேன்னு நெனச்சிக்கினேன்."

பிறகு டப்பாக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு மணிக்கு எழுந்து அவள் தனியாக இட்லி தின்ற அந்த ஒரு வருடமும் நான் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் விளக்கு எரிவதை ஒன்றிரண்டு நாள் பார்த்தும் இருக்கிறேன். சமைக்கிறாள் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆனது. டாக்டரம்மா சொன்னதுதான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனெல்லாம் எடுத்தார்கள். இரைப்பையைத் தாண்டவில்லை என்றார்கள். அங்கிருந்த டாக்டர் பெரியவர், நிதானமாகப் பேசுபவர். இப்போதைக்கு ஆபரேஷன் இல்லை, கீமோ இல்லை, முதலில் கிருமியைக் கொல்லும் மாத்திரை பதினான்கு நாள் என்றார். மனைவிக்கு நம்பிக்கை வரவில்லை.

"கேன்சருன்றீங்க, மாத்திர குட்த்து அனுப்புறீங்களே சார்," என்று கேட்டாள்.

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். அந்தச் செல்கள் கிருமியை எதிர்க்கத்தான் வந்தவை. கிருமி இருக்கும்வரை வேலை இருக்கிறது என்று பெருகிக்கொண்டிருக்கும். கிருமி போய்விட்டால் தூண்டிவிட ஆளில்லாமல் அவையே வற்றிப்போகும், நிறையப் பேருக்கு அப்படிப் போயிருக்கிறது. போகாவிட்டால் அடுத்த வழி இருக்கிறது. இதையெல்லாம் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரு டாக்டர் ஒரு வாக்கியத்தை இரண்டு தரம் சொல்லியும் முகம் சுளிக்காததை அவள் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். முதலில் எரிச்சல் வந்த காலத்திலேயே டெஸ்ட் எடுத்து இதே மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். கொஞ்சம் யோசித்து, "வராம இருக்க வாய்ப்பு ஜாஸ்தி," என்றார். அவள் காதிலும் அது விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். மகளுக்கு இல்லை. எனக்கு இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாள் ஏப்பம்கூட விடாதவன் நான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் இது குழந்தைப் பருவத்தில் அவரவர் வீட்டிலேயே தொற்றுவது என்று டாக்டரம்மா சொன்னார். ஒரே கிருமி எப்படி என்னைச் சும்மா விட்டது என்று அவரைக் கேட்டேன். கிருமியிலேயே சாதுவும் உண்டு, முரடும் உண்டு, அதோடு அது வந்து இறங்கும் உடம்பு எப்படிப் பதில் கொடுக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் இரைப்பை கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறது, அண்ணியுடையது விடாமல் போராடியிருக்கிறது என்றார். என் வயிறு மௌனமாக இருந்ததால்தான் அடுத்தவள் வயிற்றின் சத்தம் எனக்குச் சாக்காகப் பட்டது என்று அன்று திரும்பி வரும் ரயிலில் நினைத்துக்கொண்டேன்.

இருவரும் ஒன்றாக மாத்திரை சாப்பிட்டோம். எனக்கு முதல் தடவையிலேயே கிருமி போய்விட்டது. அவளுக்குப் போகவில்லை. இத்தனை வருடத்தில் காய்ச்சலுக்கும் சளிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரைகளுக்குக் கிருமி பழகிப்போயிருக்கலாம் என்றார்கள். வேறு மாத்திரைகள், நாளுக்கு நாலு வேளை, இன்னொரு பதினான்கு நாள். அவை கொடுமை. வாயில் எந்நேரமும் காசைப் போட்டுச் சப்புகிற மாதிரி ஒரு சுவை, நாக்கு கரியாகக் கறுத்துவிடும். எட்டாம் நாள் காலையில் அவள் வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முதுகைத் தடவப் போனேன். கையை விலக்கவில்லை, ஆனால் முதுகு விறைத்தது. சாப்பிட்டபின் போட்டாயா என்று என் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அந்த மாத்திரையைச் சாப்பிட்டபின்தான் போட வேண்டும், கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனாலும் என்னால் கேட்க முடியவில்லை. அன்று நேரப்படி சாப்பாட்டை எடுத்து வைத்ததும், ஆறிய பிறகு சுடவைத்துக் கொடுத்ததும் மட்டும்தான் என்னால் முடிந்தது.

இரண்டாவது தடவை கிருமி போனது. ஆனால் செல்கள் உடனே போய்விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்தார்கள். முதல் தடவை கொஞ்சம் குறைந்திருந்தது. அடுத்த தடவை அப்படியே நின்றது. அப்போதுதான் நாங்கள் மிகவும் பயந்தோம். அவளுடைய அம்மா பெரியபாளையத்தம்மனுக்கு உடம்பில் வேப்பிலை கட்டுவதாக வேண்டிக்கொண்டு, மகள் சார்பில் தானே கட்டிக்கொண்டு சுற்றியும் வந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் சென்னையிலிருந்து ஸ்லைடை வாங்கி வந்து எங்கள் டாக்டரம்மாவிடமும் காட்டுவேன். ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொல்லி இடம் விட்டார். குழிகள் வரிசையாக இருந்தன. இடையில் ஊதாப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றும். அடையில்லை. சில இடங்களில் சுவர் மெலிந்து வெறுமையாக இருந்தது. அந்தக் குழிகள் திரும்ப முளைக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் முளைக்கும், எல்லாம் முளைக்காது என்றார். வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். நிற்கும் லைனிலிருந்து மாற்றி, உட்கார்ந்து பரிசோதிக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சாப்பிடுகிறாள், நண்டு உட்பட. பார்ப்பவர்கள் நல்லாயிட்டாங்க என்கிறார்கள். நல்லாகத்தான் இருக்கிறாள். அதற்காக நான் நன்றியில்லாதவன் அல்ல.

மன்னிப்புக் கேட்டேன், ஒருமுறை அல்ல. முதல் தடவை கேட்டபோது, உடு, உனுக்கு இன்னா தெரியும் என்றாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே அந்தக் கிருமியைத் தினமும் கண்ணால் பார்க்கிற ஒரே ஆள் நான்தான். தெரியாதவன் சொல்லியிருந்தால் அது அறியாமை. அதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டாள்.

போன மாதம் மகள் ஹாஸ்டலிலிருந்து ஃபோன் செய்து, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மூன்று வாரமாக இருக்கிறதாம், மாடிப்படி ஏற முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, முட்டி வலிக்கிறதாமே என்றேன். "யார் சொன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள். நான் வாளியை வாங்கிக்கொண்டு மீதித் துணியைக் காயப் போட்டேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எந்தத் துணியை எந்தக் கொடியில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முட்டியைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.